என் பக்கத்து பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் இன்றும் ஃபெயில். இது நான்காவது தடவை.

ஐம்பத்து நான்கு வயது மனிதர். முப்பது வருடமாக ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் கை விட்டு வேலை பார்த்தவர், கை ஒரு நாளும் நடுங்கியதில்லையாம். டெஸ்ட் முடிந்து வந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். "உங்க பேரக் கெடுக்கறேன் மேடம்." வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் ஆமாம் என்றிருப்பேன். ஆனால் இந்த வருடம் பிறந்ததிலிருந்து என்னிடம் கற்றுக்கொண்டு டெஸ்டுக்குப் போன ஏழு பேரும் ஃபெயில். ஏழு பேருமா என் பேரைக் கெடுக்கச் சபதம் எடுத்தார்கள்?

இவருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வண்டி ஓட்டியது அவர் மனைவிதான். போன வருடம் அந்த அம்மாவின் கண்ணைப் பரிசோதித்துவிட்டு இனி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடலோரம் மூன்று மணி நேர தூரத்தில் அக்கா இருக்கிறாள், நடமாட்டம் இல்லாதவள். எட்டு மாதமாக இருவரும் போனில்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்த அம்மாவை அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும், அவ்வளவுதான் டாக்டருக்கு.

இருபத்து இரண்டு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். முன்பெல்லாம் பத்துக்கு ஒன்பது பேர் முதல் தடவையே பாஸ். என்ன ஆயிற்று இந்த ஊர் ஜனங்களுக்கு?

மார்ச் 6, வியாழன்

வலது கெண்டைக்கால் விண் விண் என்று வலி. தைலம் தேய்த்தால் வீடு முழுக்க வாசனைதான் மிச்சம்.

மாடிப்படியில் கீழ் வீட்டு அம்மா மடக்கினாள். "தப்பா நெனச்சுக்காதீங்க, சாயங்காலம் ஏதாவது ஆணி அடிக்கறீங்களா?" படம் மாட்டுகிறோம் என்று புளுகினேன். அவள் போனதும் என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஒரு வருஷமாவா படம் மாட்டறோம்?"

ஆணியும் இல்லை, படமும் இல்லை. டிவியில் எவனாவது வண்டியை வேகமாக ஓட்டினால் என் கால் தரையை உதைக்கிறது. எல்லாருக்கும் வருகிறதுதானே அது.

மார்ச் 11, செவ்வாய்

டெஸ்ட் எடுக்கும் அதிகாரிக்கு நான் வைத்த பேர் 'உம்'. பதினைந்து வருடப் பழக்கத்தில் அந்த ஒரு சத்தத்துக்கு மேல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. இன்று அவரே என் வண்டியருகே வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்க ஆளுங்க ஸ்டீயரிங் நல்லா பிடிக்கறாங்க. கண்ணாடி பாக்கறாங்க. சிக்னல் போடறாங்க. பிரேக் மட்டும் போடறதில்ல, காத்திருக்காங்க."

"எதுக்குக் காத்திருக்காங்க?"

"தெரியல. வேற யாரோ போடுவாங்கன்னு நெனக்கறாங்க போல."

அப்புறம் "உம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம். மூளையும் காலும் ஒத்துழைக்காத ஏழு பேரை அனுப்பியது என் குற்றமா? வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவியதில் இரண்டு கோப்பைக்குக் காது போயிற்று.

மார்ச் 12, புதன்

கொழுந்தனாரின் பட்டறைக்குப் போனேன். வண்டை மறுபடி மாட்டச் சொன்னேன்.

வண்டு என்பது எங்கள் தொழிலில் ஒரு சின்ன சாமான். ஓட்டிப் பழகும் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை நான் மிதித்தால் அடியிலிருந்து 'ஙொய்' என்று சத்தம் வரும், பிரேக் போட்டது யார் என்று ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்காக. ஒன்றரை வருடம் முன்னால் அந்த ஒயரைக் கழற்றச் சொன்னவள் நான்தான். கத்துக்க வர்றவங்க பயப்படறாங்க என்று காரணம் சொன்னேன்.

"இப்ப எல்லாருக்கும் தைரியம் வந்துடுச்சா அண்ணி?"

"கேள்வி கேக்காம மாட்டு தம்பி."

நாளைக்கு டாக்டரோடு ஒரு முழு வகுப்பு. வண்டு இரண்டு முறை கத்தும், மிஞ்சினால் மூன்று. அந்தக் கணக்கை 'உம்' அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்கிறேன், இருக்கட்டும்.

மார்ச் 13, வியாழன்

நாற்பத்து மூன்று.

நாற்பது நிமிடத்தில் நாற்பத்து மூன்று. எண்ணியது நானில்லை, டாக்டர். பல்லை எண்ணிப் பழகிய மனிதர், எதைக் கண்டாலும் எண்ணுவார் போலிருக்கிறது.

வாசலைத் தாண்டும்போதே கத்தியது. "நான் மிதிக்கல டாக்டர்." "உங்க பக்கம்தான் மேடம் கத்துது." பள்ளிக்கூட வளைவில் கத்தியது. நூறடி தள்ளி ஒரு கிழவர் நடைபாதையில் சும்மா நின்றதற்குக் கத்தியது. கடைசியாக ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியையும் எடுத்த பிறகு எதிரே ஒரு லாரி போனது. அதற்கும் கத்தியது. நின்ற வண்டியை நிறுத்தியிருக்கிறேன் நான்.

டாக்டர் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "அப்படின்னா நாலு மாசமா நான் இந்த வண்டிய ஒரு தடவகூட நிறுத்தினதில்ல."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. அவரும் சிரித்தார். வயிறு வலிக்கச் சிரித்தேன். எந்த இடத்தில் அது அழுகையானது என்று தெரியவில்லை. கைக்குட்டையை நீட்டிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பல் வலிக்கற அன்னிக்கே யாரும் என்கிட்ட வர்றதில்ல மேடம். வலிக்காத பக்கமா மென்னு பழகிடுவாங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம். அந்தப் பக்கமும் வலிக்க ஆரம்பிச்சதும் ஓடி வருவாங்க." என் பக்கம் திரும்பாமலே, "நீங்க எத்தன நாளா ஒரு பக்கமா மெல்லறீங்க?" என்றார்.

அழகாய்ப் பேசுகிறார். பிரேக் போடத்தான் தெரியவில்லை. இல்லை – அதற்கும் நான்தான் காரணம்.

மார்ச் 14, வெள்ளி

எல்லா வகுப்பையும் ரத்து செய்தேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, நாற்பத்து மூன்று என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"உன்கூட நான் கார்ல வந்து எவ்வளவு நாளாச்சு, யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். ஒரு வருடமாக மனிதர் இரண்டு கையிலும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறார். உடம்புக்கு நல்லது என்று சொல்வார், நானும் மெச்சிக்கொள்வேன். அவர் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தெருமுனை போவதற்குள் பத்து தடவை கத்துவேனாம். நான் ஓட்டினால் ஒழுங்காகத்தான் ஓட்டுவேனாம், ஆனால் என் முகத்தைப் பார்க்க அவருக்குத் தாங்காதாம்.

"அத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். நீ ஜோக் அடிச்சே. நானும் சிரிச்சுட்டேன். தப்பு என்மேலயும் இருக்கு."

இப்படிப் பேசினால் இந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

மார்ச் 20, வியாழன்

குடும்ப டாக்டரிடம் கால் வலி என்றுதான் போனேன். அமுக்கினார், மடக்கினார், நீட்டினார். "கால்ல ஒண்ணும் இல்ல. எப்பல்லாம் வலிக்குது?" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு காலை விட்டுவிட்டார். தூக்கம், சாப்பாடு, சத்தம் கேட்டால் திடுக்கிடுவது என்று வேறு திசையில் கேள்விகள். கடைசியில் மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதினார்.

"கால் வலிக்கா?"

"தல சொல்றதத்தானே கால் கேக்குது."

எனக்கு என்ன ஆகிவிட்டது, அங்கே போய் உட்கார? வண்டி எங்கேயும் மோதவில்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒன்றுமே ஆகாததற்கு வைத்தியமா? நிஜமாகவே கஷ்டப்படுகிறவர்களின் நாற்காலியை நான் அடைத்துக்கொள்ள வேண்டுமா?

ஆனால் நாற்பத்து மூன்று. அதை எந்தப் பக்கம் புரட்டினாலும் நாற்பத்து மூன்றுதான்.

ஏப்ரல் 3, வியாழன்

மனநலப் பிரிவு இரண்டாவது மாடியில், கண் பிரிவுக்கு எதிரே இருக்கிறது. தெரிந்தவர் யாராவது கேட்டால் கண்ணுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்பது படியேறி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். 'கடந்த இரண்டு வாரங்களில்' என்று தொடங்கி வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன். வீட்டில் தினமும் ஓட்டிப் பார்த்தீர்களா என்று நான் கேட்டால் என்னிடம் வருகிறவர்கள் 'ஆமாம் மேடம்' என்பார்களே, அந்த முகம் எனக்கு வந்திருக்கும். ரப்பர் கடன் வாங்கி அழித்து மறுபடி எழுதினேன், கடைசியில் 'விபத்து ஏதாவது?' என்ற இடத்தில் மட்டும் பழைய 'இல்லை'யை விட்டுவிட்டு.

ரப்பர் கொடுத்தவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். நல்ல தாட்டியான ஆள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கக் கூடாதுதான், ஆனால் என் வாய் சும்மா இருக்குமா.

"ஒரு வீட்டு வாசல்ல வேன நிறுத்திட்டு ஒரு மணி நேரம் உள்ளயே உக்காந்திருந்தேன். பெல் அடிக்க முடியல. அந்த வீட்டு அம்மா காபியோட வெளிய வந்து, 'தம்பி, குழாய் அப்புறம் பாத்துக்கலாம், உங்களுக்கு என்ன'ன்னு கேட்டாங்க." அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "காபிய குடிச்சிட்டு நேரா இங்க வந்தேன். நீங்க?"

"வண்டு கத்துச்சு."

பாவம், என்ன நினைத்துக்கொண்டாரோ. முழுக்கதையும் சொன்னதும் இடி மாதிரி சிரித்தார். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்த ஞாபகம் எனக்கு இல்லை.

ஆலோசகர் முப்பது வயதுப் பெண். கார் ஓட்டத் தெரியாதாம், பஸ்ஸில்தான் வருகிறாளாம். அப்போதே பிடித்துவிட்டது. இந்த அறையில் எனக்கு அதிகம் தெரிந்த விஷயம் ஒன்றாவது இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

ஆலோசகரிடம் சைக்கிள்காரன் கதையைச் சொன்னேன். ஒன்றரை வருடமாக எல்லா விருந்திலும் சொல்கிற கதை. என்னிடம் கற்றுக்கொண்ட பெண் நாற்சந்தியில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள், நான் என் பக்கத்தில் மிதித்தேன், சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான். வழி விட்டோம் என்று நினைத்து, கையைத் தூக்கி, சிரித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனான். கொல்லப் பார்த்தவர்களுக்கு நன்றி. இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "நல்லா சொல்றீங்க. இன்னொரு தடவ சொல்லுங்க, சிரிக்க வைக்காம."

ஆரம்பித்தேன். நாற்சந்தி வந்ததும் கதையைப் பாதியில் விட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இங்கேயே எழுதிவிடுகிறேன், அங்கே சொன்னதைத்தானே.

அன்று என் கால் பிரேக்மேல் இல்லை. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை மடக்கி இருக்கைமேல் வைத்து, அந்தப் பெண்ணுக்கு என் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டு ஜாலியாக உட்கார்ந்திருந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வெறுங்கால் எப்படி அந்த பிரேக்கைக் கண்டுபிடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. அவன் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்புதான். அதைப் பார்க்காமல் ஒரு நாளும் விடிந்ததில்லை.

அதன் பிறகு ஷூவின் கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன். வண்டிக்குள் கதை பேசுவதில்லை. கால் எப்போதும் பிரேக்மேல். வண்டைக் கழற்றச் சொன்னதும் அந்த வாரம்தான்.

ஓவென்று அழுதேன். என்னை அவள் தேற்றவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கடைசியில், "ஒண்ணும் ஆகலன்னு ஃபார்ம்ல எழுதியிருக்கீங்க" என்றாள்.

ரப்பர் கேட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ஆலோசகர் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கொடுத்தவளுக்கு இது தேவைதான்.

நின்ற வண்டியில் பாதத்தைத் தரையில் பதித்து உட்கார வேண்டும். பதற்றம் ஏறும், ஏறட்டும், தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அது பழகிய பிறகு காலி மைதானத்தில் நடை வேகத்தில். அப்புறம் தெரு. நாங்கள் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வரிசையேதான். இதற்கா படித்தாய் பெண்ணே என்று கேட்டுவிட்டேன். "ஆமாம், ஆறு வருஷம்" என்றாள்.

மைதானத்துக்கு ஓட்டுநராக வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து நின்றார், காருக்குள் உட்கார. நகைச்சுவையாம்.

ஏப்ரல் 26, சனி

மைதானத்தில் இருபது நிமிடம். நான்கு.

மே 8, வியாழன்

தெருவில் இருபத்து ஆறு. போன வாரம் பதினொன்று.

எதற்கு இந்தக் கூத்து? இருபத்து இரண்டு வருடம் போதும். ரொட்டிக் கடையில் ஆள் தேவை என்று பலகை தொங்குகிறது. ரொட்டிக்கு பிரேக் கிடையாது.

மே 9, வெள்ளி

ஆலோசகரிடம் போனில் சொன்னேன். "உங்ககிட்ட கத்துக்கறவங்க ஒருநாள் மோசமா ஓட்டினா அன்னிக்கே அவங்கள அனுப்பிடுவீங்களா?" என்றாள். இல்லை, பெட்ரோல் போட்டு மறுபடி கூட்டிப்போவேன். போனேன். ஒன்பது.

மே 22, வியாழன்

பேனாவை எடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

டாக்டரோடு வகுப்பு. போன தடவை மூன்று. மார்க்கெட் சாலையில் போகும்போது அவர் சும்மா கேட்டார்: "உங்க வீட்டுக்காரரும் உங்ககிட்டதான் ஓட்டக் கத்துக்கிட்டாராமே?" பாதம் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பதிந்திருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். ஒன்றரை வருடம் முன்னால் நாற்சந்தியில் பாதியில் நின்றுபோன அதே கதை.

"அவரு கண்ணாடிக் கடைக்காரர். டெஸ்டுக்கு வர்றப்பல்லாம் கண்ணாடிய மறந்துட்டு வருவார். எழுத்தப் படிக்கச் சொல்லுவாங்க, எந்த எழுத்துன்னு கேப்பார். ஃபெயில். மறுபடி என்கிட்ட பத்து வகுப்பு. இப்படி மூணு தடவ. நாலாவது தடவ நானே கடைக்குப் போய், கண்ணாடிய எடுத்துட்டு வந்து, அவர் மூக்குல மாட்டி விட்டேன்."

"அப்புறம்?"

"மாட்டினதும் என்னைய நல்லா ஏற இறங்கப் பாத்தார். 'ஓ, நீங்க இப்படித்தான் இருப்பீங்களா'ன்னார்."

டாக்டர் குலுங்கிச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு நாய் குறுக்கே ஓடி வந்தது. வண்டி நின்றது. நாய் எங்களைப் பார்த்தது, போனது.

சத்தமே இல்லை. வண்டு கத்தவில்லை. குனிந்து பார்த்தேன், என் பாதம் தரையில் இருந்தது.

"நீங்களா டாக்டர்?"

"நான்தான் போலிருக்கு."

பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். நாங்கள் இருவரும் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தோம். அவர்தான் முதலில் சுதாரித்து கியரைப் போட்டார்.

ஜூன் 5, வியாழன்

டாக்டர் பாஸ்.

'உம்' அதிகாரி அவரிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார். "நல்லா நிறுத்தறார்" என்றார். எப்படி மாறினார் என்று கேட்டார். டாக்டர் மாறவில்லை சார், நான்தான் போய் என் காலைக் காட்டிவிட்டு வந்தேன், இரண்டாவது மாடி, கண் பிரிவுக்கு எதிரே என்றேன். கூசவே இல்லை எனக்கு. அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"உம்" என்றார். இந்தத் தடவை அது வேறு மாதிரி இருந்தது.

ஜூன் 12, வியாழன்

இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்று ஆலோசகர் சொன்னாள். எப்போதாவது ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை வந்தால் என்னிடம்தான் வர வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். "வண்டு இருக்குமா?" என்று கேட்கிறாள். இருக்கும், ஒயரை இனிமேல் யாரும் தொடமாட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

டாக்டர் மனைவி விடவே இல்லை, என்னையும் வீட்டுக்காரரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் ஓட்டினார், அந்த அம்மா முன்னால், நானும் இவரும் பின்னால். அவர்களுடைய சொந்த வண்டி. எந்தப் பக்கமும் எனக்கு பிரேக் இல்லை.

ஊர் எல்லை தாண்டும்வரை பாதத்தைத் தரையில் பதித்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மா அக்காவும் தானும் சின்ன வயதில் போட்ட சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்றாவது சண்டைவரைதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. கடல் காற்று. திறந்திருந்த வாசலில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். தங்கை வேலியைத் தடவித் தடவி, கிட்டத்தட்ட ஓடினாள். டாக்டர் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணி நேரம் தூங்கினே," என்றார் இவர். "நடுவுல ஒரு லாரி உரசற மாதிரி வந்துச்சு. டாக்டர் பட்டுனு பிரேக் போட்டார். நீ குறட்டையக்கூட நிறுத்தல."

எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் மட்டும் உடனே இறங்க முடியவில்லை. எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை, ஷூ இரண்டும் முன்சீட்டுக்கு அடியில் போய்க் கிடந்தன.